அடுப்புத் திருகு வச்ச டப்பா

"பாப்பா, இது செத்துப் போச்சு."

இருதயராஜ் ஒரு பிஸ்கட் டப்பாவை மேசையில வச்சாப்ல. வச்ச விதத்தைப் பாத்தா மாலையும் ஊதுபத்தியும் மட்டும்தான் குறை.

பேச்சி தலையைத் தூக்கல. கையில ஈயம் பத்த வைக்கிற சால்ட்ரிங் அயர்ன் புகைஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

"எப்பண்ணே ஆச்சு?"

"நேத்து மத்தியானம். ரிகர்சல்ல."

"கடைசியா ஏதாச்சும் சொல்லுச்சா?"

"விளையாடாத பாப்பா. என் பொழப்பே போகப் போகுது."

பேச்சி அயர்னைக் கீழ வச்சா.

அவளுக்கு வயசு இருபத்திமூணு. காலேஜை மூணாவது வருசத்துல விட்டவ. காலேஜ்தான் தன்னை விட்டுச்சு, தான் பெரிய மனசு பண்ணி தடுக்கலன்னு சொல்லுவா. கிட்டார்காரங்களுக்கு பெடல் கட்டிக் குடுக்குறது வேலை. பெடல்னா, கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல தரையில உக்காந்துக்கிட்டு, வர்ற சத்தத்தைக் கெடுத்து அனுப்புற டப்பா. கால்ல மிதிச்சா கெடுக்கும். இன்னொருக்கா மிதிச்சா சும்மா இருக்கும்.

கெடுக்குறது எவனும் கெடுப்பான். அழகா கெடுக்கணும். அதுக்குத்தான் மதுரையில பாதிப் பேரு பேச்சி வீட்டு மாடிப்படி ஏறுறது.

இருதயராஜுக்கு வயசு அவளுக்கு ரெண்டு மடங்கு. சுல்தான் பாய் ஆர்க்கெஸ்ட்ராவுல கிட்டார். பெடல் கட்டுறதுல குரு பாப்பா, சீடன் அண்ணேன். அந்த பிஸ்கட் டப்பா சீடன் கட்டுன பெடல். ரெண்டு பேருக்கும் இதுல கூச்சம் ஒண்ணும் இல்ல.

"பொழப்பு ஏண்ணே போகணும்?"

"கிஷோரு கீபோர்டுல ஒரு பட்டன் இருக்கு. அமுக்குனா கிட்டார் சத்தம் வருது. அதையும் அவனே வாசிச்சிருவான், உனக்கு எதுக்குப்பா வேன்ல தனியா ஒரு சீட்டுன்னு பாய் கேக்குறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பட்டன்ல வராத சத்தம் ஒண்ணு கொண்டு வரேன்னு சொன்னேன். சரி, ஞாயித்துக்கிழமை கோயில் திருவிழாவுல ஒரு பாட்டு தரேன், நடுவுல வர்ற கிட்டார் பிட்டை நீ வாசின்னாரு. டப்பா பாடுச்சுன்னா நீ இருக்க. இல்லன்னா கிஷோர்."

"திருவிழா எத்தனை மணிக்கு?"

"மத்தியானம். அன்னதானம் நடக்குறப்ப கச்சேரி."

பேச்சி டப்பாவைத் தூக்கிக் காதுகிட்ட ஆட்டிப் பாத்தா.

"வீட்டுல பாடுச்சா?"

"தேனு பாப்பா. விடியக்காலையில உக்காந்து பிரீசெட்டைத் திருப்பித் திருப்பி வச்சேன்."

பிரீசெட்டுன்றது உள்ள இருக்குற பொடித் திருகு. அதைத் திருப்பித்தான் சத்தத்தைப் பதத்துக்குக் கொண்டு வரணும்.

"ஒரு இடத்துல வந்துச்சு பாரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு. உடனே லாக் பண்ணிட்டேன்."

"எதை வச்சு?"

"நெயில் பாலிஷ். எல்லாரும் அப்படித்தான பண்றாங்க. ஒரு சொட்டு விட்டா திருகு அசையாதுல்ல."

"என்ன கலரு?"

"சிகப்பு."

"வீட்டுல அக்காவுக்குத் தெரியுமா, அவங்க பாலிஷை எடுத்தது?"

இருதயராஜ் ஜன்னலைப் பாத்தாப்ல.

"சரி, மூடி ஏன் தொறக்க மாட்டேங்குது?"

"சுத்தி ஈயம் வச்சு அடைச்சுட்டேன். கிஷோர் தொறந்து பாத்துட்டான்னா?"

பேச்சி டப்பாவை மறுபடியும் மேசையில வச்சா. இந்தவாட்டி அவளும் மெதுவாத்தான் வச்சா.

"செத்துப் போகலண்ணே. நீங்கதான் உசுரோட புதைச்சிருக்கீங்க."

 

*

 

"சரி, தப்புதான். இப்ப வழி சொல்லு."

"உள்ள என்ன டிரான்சிஸ்டர் போட்டீங்க?"

"நீ குடுத்ததுதான். பழைய ரேடியோல இருந்து புடுங்குனது. ஜெர்மானியம்."

"அதுக்கு சூடு ஏற ஏற புத்தி மாறும்ணே. விடியக்காலையில ஒரு ஆளு, மத்தியானம் வேற ஆளு."

"அப்ப புத்தி மாறாத ஆளாப் பாத்துக் குடு."

"இருக்கு. சிலிக்கான். கொதிக்கிற எண்ணெயில போட்டாலும் ஒரே மாதிரி கத்தும்."

"அதைக் குடு. இத்தன நாளு ஏன் ஒளிச்சு வச்சிருந்த?"

பேச்சி வேற ஒரு பெடலை எடுத்து, அதுல சிலிக்கான் ரெண்டைப் பத்த வச்சு, வயரைச் சொருகி அவரு பக்கம் தள்ளுனா.

இருதயராஜ் வாசிச்சாப்ல. சுத்தமா இருந்துச்சு. ஒரு பிசிறு இல்ல. இன்னொருக்கா வாசிச்சாப்ல. அச்சு மாறாம அதே சத்தம். மூணாவது தடவை கை தன்னால நின்னுருச்சு.

"என்னண்ணே?"

"இது கிஷோரோட பட்டன் மாதிரியே இருக்கு."

"சூடு தாங்கும்."

"தாங்கும்."

"ஞாயித்துக்கிழமை சாகவே சாகாது."

"சாகாது. நான்தான் செத்துருவேன்." கிட்டாரை மடியில சாய்ச்சாப்ல. "ஒரே மாதிரி கத்துறதுக்கு அவன்கிட்டயே ஒண்ணு இருக்கே பாப்பா. அப்புறம் நான் எதுக்கு?"

பேச்சி எந்திரிச்சா. பிஸ்கட் டப்பாவை ஒரு கையில, பேட்டரி ஸ்பீக்கரை ஒரு கையில எடுத்தா.

"எங்க போற?"

"மொட்டை மாடிக்கு."

"உச்சி வெயில்ல எதுக்கு?"

"வடாம் போட."

 

*

 

மொட்டை மாடியில காக்கா கூட இல்ல. டப்பாவை நேரா கைப்பிடிச் சுவர் மேல வச்சா. தகரம் சுட்டுச்சு. தான் மட்டும் தண்ணித் தொட்டி நிழல்ல போயி உக்காந்துக்கிட்டா.

"வாசிங்க."

இருதயராஜ் வாசிச்சாப்ல. கொஞ்ச நேரம் பாடுச்சு. அப்புறம் தொண்டை கட்டுச்சு. அப்புறம் கரகரன்னு துப்புச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. கிட்டார் கம்பி மட்டும் டொய்ங் டொய்ங்னுச்சு.

"பாத்தியா? நான் சொன்னேன்ல?"

"சரி பண்ணுங்க."

"மூடி அடைச்சிருக்கே."

பேச்சி ஸ்குரூ டிரைவரைத் தூக்கிப் போட்டா. இருதயராஜ் அதைப் பாத்தாப்ல, டப்பாவைப் பாத்தாப்ல. ஒரு ராத்திரி பூரா உக்காந்து மழுமழுன்னு பூசுன ஈயம். நெம்புனாப்ல. மூடி பிஞ்சு வந்துச்சு. உள்ள சிகப்புச் சொட்டு பொட்டு வச்ச மாதிரி இருந்துச்சு. சுரண்டி எடுத்தாப்ல. திருகை லேசா திருப்புனாப்ல.

சத்தம் திரும்பி வந்துச்சு. விடியக்காலைச் சத்தம் இல்ல. இது வேற. தொண்டை கிழிய ஒப்பாரி வைக்கிற மாதிரி.

இருதயராஜ் விடாம வாசிச்சாப்ல.

கொஞ்ச நேரத்துல மறுபடியும் போச்சு. மறுபடியும் திருப்புனாப்ல. மறுபடியும் வந்துச்சு. வேற மாதிரி.

"என்ன பாப்பா இது, வாசிக்கிற வரைக்கும் திருப்பிக்கிட்டே இருக்கணுமா?"

"உங்க கிட்டார் கம்பியை எப்ப முறுக்குனீங்க?"

"காலையில."

"நேத்து?"

"நேத்தும்தான். எறங்கிரும்ல."

"அதுல ஏன் இன்னும் நெயில் பாலிஷ் போடல?"

இருதயராஜ் டப்பாவை எடுத்து நீட்டுனாப்ல.

பேச்சி டப்பாவை வாங்கிக் கீழ போனா. மூடியில டிரில்லை வச்சு ஒரு ஓட்டை போட்டா. பொடித் திருகைக் கழட்டிட்டு, அந்த இடத்துக்கு ஒரு பெரிய திருகை வெளிய வர்ற மாதிரி பத்த வச்சா. அதைப் புடிச்சுத் திருப்ப மேல மாட்டுற குமிழ் ஒண்ணு தேடுனா. இருந்ததெல்லாம் சுண்டு விரல் சைஸு.

"இவ்ளோ சின்னதை வாசிக்கிறப்ப எப்படிப் பாப்பா திருப்புறது? எனக்கு ரெண்டு கைதான்."

"திருவிழா மேடையில செருப்பு போடுவீங்களா?"

"கோயிலுக்குள்ள எவன் போடுவான்?"

பேச்சி அடுப்படிக்குப் போனா. வரும்போது கையில ஒரு கேஸ் அடுப்புத் திருகு.

"ஏய், உங்க வீட்டுல சமைக்க வேணாமா?"

"மூணு அடுப்புல ஒண்ணு சும்மாதான் கெடக்கு."

மாட்டுனா. பெரிசா, கறுப்பா, கால் கட்டவிரலுக்கு அளவெடுத்த மாதிரி உக்காந்துச்சு. அதுல ஒரு பக்கம் 'ஆஃப்'னும் ஒரு பக்கம் 'சிம்'னும் வெள்ளையில எழுதியிருந்துச்சு.

"எல்லாம் சரி. எந்த இடத்துல வைக்கணும்னு ஒரு கோடு மட்டும் போட்டுக் குடுத்துரு."

பேச்சி உப்புத்தாளை எடுத்தா. 'ஆஃப்' போச்சு. 'சிம்' போச்சு. திருகு மொழுமொழுன்னு ஆயிருச்சு.

டப்பாவை அவரு கையில குடுத்துட்டு, அடுத்த பெடலுக்கு அயர்னை எடுத்தா.

 

*

 

ஞாயித்துக்கிழமை. தகரக் கொட்டகை மேடை. எதுக்கால பந்தியில ஊரே உக்காந்திருந்துச்சு. சாம்பார் வாளி ஓடிக்கிட்டு இருந்துச்சு. கச்சேரியை யாரு கேக்குறா? அப்பளத்துக்குத்தான் மரியாதை.

கிஷோர் தரையில இருந்த டப்பாவைப் பாத்தான். திருகைப் பாத்தான்.

"என்னண்ணே, ரசம் கொதிச்சிருச்சா?"

கொட்டகைத் தகரத்துல ஒரு ஓட்டை. அது வழியா எறங்குன வெயிலு நேரா டப்பா மேல விழுந்துச்சு. இருதயராஜ் தள்ளி வைக்கலாம்னு பாத்தாப்ல, வயரு எட்டல.

சுல்தான் பாய் மைக்கை மூடிக்கிட்டுத் திரும்புனாரு.

"இருதயம், அடுத்த பாட்டு. உன் பிட்டு. கிஷோரு, எதுக்கும் நீ பட்டனை அமுக்கியே வச்சுக்க."

பாட்டு ஆரம்பிச்சுச்சு. நடுப் பகுதி வந்துச்சு. இருதயராஜ் மிதிச்சாப்ல.

பாடுச்சு. ரெண்டு வரிதான். மூணாவது வரியில தொண்டை கட்டுச்சு. கரகரன்னுச்சு. துப்புச்சு.

கிஷோர் கீபோர்டுக் கட்டை மேல கையைத் தூக்குனான். பாய் அவனைப் பாத்துத் தலையாட்டப் போனாரு.

இருதயராஜோட கால் கட்டவிரல் திருகைத் தேடுச்சு.

கோடு இல்ல. எழுத்து இல்ல. கண்ணை மூடிக்கிட்டாப்ல.

மெதுவா திருப்புனாப்ல.

செத்துக்கிட்டு இருந்த சத்தம் எந்திரிச்சு நின்னு கத்துச்சு.

பந்தியில ஒரு கொழந்தை அழுகையை நிறுத்திட்டு மேடையைப் பாத்துச்சு. சத்தம் சரிஞ்சுச்சு, விரலு கூடவே போச்சு. சத்தம் ஏறுச்சு, விரலு பின்னாடியே வந்துச்சு. ஒரு இடத்துல அது சாகப் போறப்ப இருதயராஜ் காப்பாத்தல. சாக விட்டாப்ல. கடைசி மூச்சு வரைக்கும் இழுத்து, அது அடங்குற நேரம் பாத்து ஒரே திருப்பு.

சாம்பார் வாளி நின்னுருச்சு. அப்பளத்தை நொறுக்கப் போன கை அப்படியே நின்னுச்சு. பந்திக் கடைசியில இருந்து ஒரு விசில். அது பேச்சி. பாயசத்தை இலையில ஊத்திட்டுப் போனவரைக் கூட கவனிக்காம ரெண்டு விரலையும் வாயில வச்சிருந்தா.

பிட்டு முடியுற இடம் வந்துச்சு. எப்பவும் அந்த இடத்துல பாய் கையை எறக்குவாரு, பாட்டு திரும்ப ஆரம்பிக்கும். அன்னைக்கு அவரு கை எறங்கல. விரலை மேல தூக்கி ஒரு சுத்து சுத்துனாரு.

இன்னொரு தடவை.

கிஷோர் ஒவ்வொரு பட்டனா அமுக்கிப் பாத்தான். இது இல்ல. இது இல்ல. இதுவும் இல்ல. கடைசியில ரெண்டு கையையும் கீபோர்டுல இருந்து எடுத்து, எல்லாரோடயும் சேந்து தட்டுனான்.

 

*

 

கச்சேரி முடிஞ்சு வேன்ல சாமான் ஏத்திக்கிட்டு இருந்தாங்க. இருதயராஜ் ஜன்னல் ஓரத்து சீட்டுல கிட்டாரை வச்சு எடம் பிடிச்சுட்டு, வேன் படியில உக்காந்து கால் கட்டவிரலை ஊதிக்கிட்டு இருந்தாப்ல. சுட்டுக் கொப்பளம் போட்டிருந்துச்சு. மூஞ்சி பூரா சிரிப்பு.

கிஷோர் கீபோர்டு பெட்டியோட வந்தான். வந்தவன் ஏறாம நின்னான். டப்பாவைப் பாத்தான்.

"அண்ணே."

"என்னடா."

"தப்பா நினைக்காதீங்க. அந்த அடுப்புத் திருகை எந்த இடத்துல வச்சு வாசிச்சீங்க?"

இருதயராஜ் விரலை ஊதுறதை நிறுத்துனாப்ல.

"எப்ப?"