குரங்கு குடிபோன புது விமானம்

ஒரு காட்டில் ஒரு மூலையில் மட்டும் மரமே கிடையாது, பிள்ளைகளே. அங்கே வரிசையாக விமானங்கள்தான் நின்றன. பறந்தது போதும் என்று மனிதர்கள் கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போனவை.

அதில் ஒன்று படுகிழம். பெயிண்ட் உரிந்து, சக்கரத்தில் காற்று இறங்கி, ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இறக்கையில் புல்கூட முளைத்திருந்தது. அதற்குள் ஒரு வெள்ளாட்டுக் கிடா குடியிருந்தது. எதைக் கண்டாலும் சந்தேகப்படும் கிடா அது. தன் நிழலே முன்னால் போனாலும், "நீ எதற்கு அவசரப்படுகிறாய்?" என்று கேட்டு நின்றுவிடும்.

மழைக்காலம் நெருங்கியது. அதே காட்டில் மினுக்கன் என்று ஒரு குரங்கு. அதன் மனைவி செம்பிக்கு அப்போதுதான் குட்டி பிறந்திருந்தது. போன மழையில் கிளையில் உட்கார்ந்து நனைந்ததில் செம்பிக்கு வந்த இருமல் இன்னும் விட்டபாடில்லை. இந்தத் தடவை குட்டி நனையக் கூடாது, தலைக்கு மேல் ஒரு கூரை வேண்டும் என்று அது ஒரே பிடியாக நின்றது.

கிடா தானாகவே வந்து, என் வீட்டில் பின்பக்கம் காலியாகத்தான் கிடக்கிறது, வந்து இருங்கள் என்றது. செம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. மினுக்கனோ முகத்தைச் சுளித்தது.

"கிடா அண்ணே, உன் வீடு இன்றைக்கோ நாளைக்கோ என்று இழுத்துக்கொண்டு கிடக்கிறது. உடைக்க ஆள் வந்தால் முதலில் இதைத்தானே உடைப்பார்கள்?"

அந்தச் சமயம் பார்த்து ஒரு புது விமானம் வந்து இறங்கியது. வெள்ளைவெளேர் என்று பளபளத்தது. அதன் வயிற்றில் முகம் பார்க்கலாம். மினுக்கன் பார்த்தது. நெடுநேரம் பார்த்தது. பிறகு, நம் வீடு இதுதான் என்று முடிவு செய்துவிட்டது.

செம்பி தயங்கியது. "என்னங்க, இவ்வளவு நல்ல விமானத்தை எதற்கு இங்கே கொண்டுவந்து விட்டார்கள்? கேட்டுப் பார்க்க வேண்டாமா?"

"நம்மைப் போல நல்ல குடும்பம் வரட்டும் என்றுதான்" என்றது மினுக்கன்.

குடிபோன மறுநாள் காலையில் மனிதர்கள் வந்தார்கள். விமானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். இறக்கைக்குக் கீழே தொங்கிய பெரிய என்ஜின்களில் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். சக்கரத்தில் கட்டினார்கள். கதவில் கட்டினார்கள். இருக்கைகளைக்கூட விடவில்லை. மினுக்கன் கூரைமேல் ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்துப் பூரித்துப் போனது. அவர்கள் போனதும் காடு முழுக்க ஓடி, என் வீட்டுக்கு மனிதர்களே வந்து அலங்காரம் செய்கிறார்கள், விருந்துக்கு வாருங்கள் என்று சொல்லிவிட்டு வந்தது. மீந்து கிடந்த ஒரு ரிப்பனை எடுத்துத் தன் வாலிலும் கட்டிக்கொண்டது.

விருந்துக்கு வந்த கிடா வாசலிலேயே நின்றுவிட்டது. ரிப்பன்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. மெல்லத் தன் கழுத்தைத் தடவிக்கொண்டது.

"தம்பி, எனக்கும் ஒரு தடவை இப்படித்தான் மாலை போட்டார்கள். மஞ்சள் தண்ணீர்கூடத் தெளித்தார்கள். என்ன மரியாதை, என்ன மரியாதை என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டுதான் நின்றேன். பின்னால் ஒருவர் அரிவாள் தீட்டுகிற சத்தம் கேட்டது. அன்றைக்கு ஓட ஆரம்பித்தவன்தான், இந்தக் காட்டில் வந்து நின்றேன்."

"பொறாமை அண்ணே உனக்கு" என்று சொல்லி மினுக்கன் ஒரு கொய்யாப்பழத்தை நீட்டியது. கிடா முகர்ந்து பார்த்துவிட்டு, வேண்டாம் என்றது.

அடுத்த நாள் வானம் கறுத்தது. முதல் இடி இடித்தபோது மனிதர்கள் கிரேனோடு வந்தார்கள். நேராகப் புது விமானத்திடம்தான் வந்தார்கள். ஒரு என்ஜின் இறங்கியது. இன்னொன்றும் இறங்கியது. கதவு போனது. செம்பி குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் பதுங்கியது. அந்த இருக்கையும் போனது.

மினுக்கன் பதறிப்போய் வாசலுக்கு வந்து மேலே பார்த்தது. ஊர் வம்பெல்லாம் அறிந்த காக்கை விமானத்தின் வால்நுனியில் உட்கார்ந்திருந்தது.

"காக்கை அக்கா, ஆள் மாறிப் போச்சு. கிழம் அங்கே இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லேன்."

"கிழம் யாருக்கு வேண்டும்? அந்த ஜாதி விமானம் இப்போது வானத்திலேயே இல்லை. அதன் திருகாணிகூட எதற்கும் பொருந்தாது. உன் வீட்டு ஜாதிதான் வானம் முழுக்கப் பறக்கிறது. அதில் பலதுக்கு என்ஜின் பழுது. புதிது செய்து வர வருஷக் கணக்கில் ஆகுமாம். முழுசாக நின்றால் இது ஒரே விமானம். பிரித்தால் பத்து விமானத்தைப் பறக்க வைக்கும். கேட்டவர்கள் வாசலில் காத்துக் கிடக்கிறார்கள். விடுவார்களா?"

"இது சின்ன வயசு அக்கா."

"அதனால்தான் கேட்கிறார்கள். ஒன்றும் தேயவில்லையே."

அப்போது கீழே நின்ற ஓர் ஆள் மினுக்கனின் வாலைப் பார்த்தான். ரிப்பனைப் பார்த்தான். பக்கத்தில் இருந்தவனிடம் திரும்பினான்.

"அண்ணே, இதையும் கழற்றணுமா?"

"ரிப்பன் கட்டியிருந்தால் கழற்று" என்றான் மற்றவன், தலையைத் தூக்காமலே.

அவ்வளவுதான். செம்பி குட்டியோடு ஒரு தாவு தாவியது. மினுக்கன் பல்லால் ரிப்பனைக் கடித்துக் கடித்துப் பிய்த்துக்கொண்டே பின்னால் பறந்தது. விமானங்கள் நிற்கிற அந்த மூலையிலிருந்து வெகுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் ஒன்று பறந்தது.

மழை கொட்டத் தொடங்கியது. கிழட்டு விமானத்தின் கதவு திறந்தே இருந்தது. கிடா ஒதுங்கி வழிவிட்டது. உள்ளே ஒரு சொட்டு ஒழுகவில்லை. செம்பி ஈரமில்லாத ஒரு மூலையில் உட்கார்ந்ததும் குட்டி பால் குடித்துவிட்டுத் தூங்கிப்போனது.

மினுக்கன் மட்டும் வாசலில் நனைந்துகொண்டு நின்றது. வால் முடியில் பாதி ரிப்பனோடு போயிருந்தது.

"உள்ளே வா தம்பி. ரிப்பன் எங்கே?" என்றது கிடா.

"எனக்கு அலங்காரமே பிடிக்காது அண்ணே" என்றது மினுக்கன்.

நீதி: புதியது என்பதற்காக நிலைக்கும் என்று நம்பாதே, பலர் தேடும் பொருளைத்தான் முதலில் பிரிப்பார்கள்.