இடது பொத்தான்

ஒரு தகரமூடித் தொழிற்சாலையில் தகட்டை அழுத்தி மூடியாக்கும் பிரஸ் இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் இரும்புப் பெட்டிக்குள் இரண்டு பேர் குடியிருந்தார்கள். ஒன்று, பிரஸ்ஸுக்கு மின்சாரத்தை விடவும் தடுக்கவும் செய்யும் பழைய ரிலே; மற்றது புதிய மென்பொருள்.

பிரஸ்ஸை ஓட்டுபவள் ஞானசௌந்தரி. இரண்டு கைகளாலும் இரண்டு பொத்தான்களை அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். பொத்தானில் இருக்கும் கை பிரஸ்ஸுக்கு அடியில் இருக்க முடியாதல்லவா?

மென்பொருளுக்குப் பெருமை தாங்கவில்லை. "காலையில் ஊறுகாய் மூடி, மதியம் மருந்து மூடி. எது கேட்டாலும் நொடியில் மாறிவிடுவேன். உனக்கு என்ன தெரியும், கிழவா?"

"ஒவ்வொரு தடவையும் இரண்டு பொத்தானையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தினால் சரி. இல்லையென்றால் இல்லை. அவ்வளவுதான்."

"இருபது வருஷமாக இதே பாட்டா? அலுக்கவில்லையா?"

"அலுக்கிறதுதான். அதற்காக மாற்றிப் பாடியதில்லை."

அன்று மேலிடத்திலிருந்து கூடுதல் மூடி கேட்டார்கள். கேட்டவர்கள் ஏ.சி. அறையில் இருந்தார்கள், வேலை செய்யும் விரல்கள் கீழே இருந்தன. சூப்பர்வைசர் இளங்கண்ணன் ஓர் ஐஸ் குச்சியைச் செருகி, இடது பொத்தான் எழும்பாமல் செய்தார்.

"இந்தக் கை எதுக்கும்மா பொத்தானைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது? தகட்டைத் தள்ளட்டும்."

"உள்ள மாட்டிக்கிச்சுன்னா, சார்?"

"கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கக் கத்துக்கம்மா. புது மென்பொருளைப் பாரு!"

மென்பொருளும் பார்த்தது. இடது பொத்தான் அழுந்தியே இருந்தது. இனி இதுதான் இங்கே வழக்கம் போலும் என்று உடனே கற்றுக்கொண்டது. பிரஸ்ஸுக்கு அடியில் கோணலாக நின்ற தகட்டை ஞானசௌந்தரி இடது கையால் நேராக்கினாள். அதற்குள் பழக்கத்தில் வலது கை பொத்தானை அழுத்திவிட்டது.

"இறங்கு!" என்றது மென்பொருள்.

பிரஸ் அசையவில்லை. ரிலே விடவில்லை.

அப்போதுதான் அவள் கையைக் கவனித்த மென்பொருளுக்குக் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். "அவள் கை உள்ளே இருந்தது உனக்கு எப்படித் தெரிந்தது?"

"கையா? உள்ளேயா?" ரிலே திடுக்கிட்டது. "எனக்கு எங்கே தெரியும்? இடது பொத்தானை யாரும் விட்டுவிட்டு மறுபடி அழுத்தவில்லை. நின்றுவிட்டேன்."

இளங்கண்ணன் ஓடிவந்து திரையைத் தட்டினார். "ரிலேயை ஒதுக்கிட்டு ஓட்ட வழி காட்டு."

எந்த உத்தரவையும் அதுவரை மறுத்தறியாத மென்பொருள், திரையில் எழுதியது: "மூடியை மாற்றுகிறேன். வேகத்தை மாற்றுகிறேன். இதை மாற்ற மாட்டேன்."

ஞானசௌந்தரி ஐஸ் குச்சியைப் பிடுங்கி எறிந்தாள், இடது கையால்.