மேஸ்திரி போட்ட பாயிண்ட்

அந்தக் கடலோர ஊரில் வயர்மேன் சங்கத்துக்காரர்களுக்குத் தலைக்கனம் கொஞ்சம் தூக்கல்தான். இருக்கட்டுமே, அவர்கள் வயரிங் செய்த வீட்டில் சுவிட்சைத் தொடப் பயந்தவர் யாருமில்லை. அந்தச் சங்கத்தில் சகாயமேரி என்று ஒரு பெண் மேஸ்திரி இருந்தாள். அவளிடம் தொழில் பழகியவன் இசக்கிமுத்து, அவளைவிடப் பத்து வயது மூத்தவன். உப்பள வேலையில் உப்பு அரித்துக் கால் வெடித்து, இனி ஆகாது என்று சங்கத்துக்கு வந்தவன். அவள் அவனை அண்ணே என்பாள். அவன் அவளை மேஸ்திரி என்பான்.

சங்க அட்டை கிடைத்தால்தான் ஒருவன் தனியாக ஒரு வீட்டை எடுத்துச் செய்யலாம். வேலை முடிகிற நாளில் செயலாளர் பொன்பாண்டி வருவார். மேஸ்திரியிடம் ஒன்றே ஒன்று கேட்பார்: "தனியா விடலாமா?"

சகாயமேரி இரண்டு முறை "இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டாள். மூன்றாம் முறையும் அதுதான் பதில் என்றால், இசக்கிமுத்து காலம் முழுக்கக் கையாள்தான். அது சங்கத்தின் சட்டம்.

இந்தத் தடவை ஒரு புது வீடு. கீழ்த்தளத்தை அவள் செய்தாள், மாடியை அவனிடம் விட்டாள். அவன் போட்ட போர்டுகளைத் திறந்து பார்க்க வேண்டும். வயர்கள் வகிடெடுத்துச் சீவின மாதிரி இருக்கும். அவனே நின்று நின்று பார்த்துக்கொண்டான். பெருமையாக இருந்தது, அதில் என்ன வெட்கம்?

பால் காய்ச்சும் நாள் காலையில் சகாயமேரி மாடியேறினாள். ஒவ்வொரு போர்டாகத் திறந்து, ஒவ்வொரு வயரையும் இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தாள். ஒன்றுகூடக் கழன்று வரவில்லை.

இசக்கிமுத்துவுக்குப் பொறுக்கவில்லை.

"மேஸ்திரி, என் வேலையில என்னதான் குறை?"

"ஒரு குறையும் இல்லண்ணே."

"பிறகு ஏன் ரெண்டு தடவையும் வேண்டாம்னீங்க?"

அவள் திருப்புளியை அவன் கையில் கொடுத்தாள்.

"வீட்டுக்காரம்மா காத்துக்கிட்டு இருக்காவ. கீழ போய் மெயினைப் போடுங்க."

மெயின் போடத் திருப்புளி எதற்கு? யோசித்தபடியே இறங்கினான். கீழே செயலாளர் நின்றிருந்தார். மெயினில் கையை வைத்தான்.

"தம்பி, ஹீட்டரும் இப்பமே ஓடும்லா? பிள்ளைகளக் குளிப்பாட்டணும்" என்றாள் வீட்டுக்காரம்மா.

அவன் கை அப்படியே நின்றது. மாடியில் எல்லாவற்றையும் அவள் இழுத்துப் பார்த்தாயிற்று. கீழே யார் பார்த்தது? முந்தின இரண்டு வீட்டிலும் மேஸ்திரி போட்ட போர்டை அவன் திறந்ததே இல்லை.

ஆனால் கீழே இருப்பது மேஸ்திரி வேலை. உப்பளத்தில் கங்காணி அளந்ததை மறுபடி அளக்கச் சொன்னவன் எவனும் மறுநாள் வேலைக்கு வந்ததில்லை. இங்கே அட்டையே அவள் வாயில் இருக்கிறது.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றான்.

கூடத்துப் போர்டைத் திறந்து வயர்களை இழுத்துப் பார்க்க ஆரம்பித்தான்.

"யோவ், அது மேஸ்திரி போட்டது!" என்றார் செயலாளர்.

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா கை வைக்க?"

காது சுட்டது. சகாயமேரி மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கூடம் சரியாக இருந்தது. சமையலறையும் சரி. குளியலறையில் ஹீட்டர் பாயிண்டைத் திறந்து பச்சை எர்த் வயரைப் பிடித்தான். அது விரலோடு வந்துவிட்டது.

எர்த் இல்லாமலும் ஹீட்டர் சுடும். என்றைக்காவது கரண்ட் கசிந்தால்தான் விஷயம் தெரியும். அன்றைக்கு ஈரத்தில் நிற்பவர் சொல்வதற்கு இருக்கமாட்டார்.

"மேஸ்திரி," என்று கூப்பிட்டான். குரல் எல்லோருக்கும் கேட்டது. "நீங்க போட்ட பாயிண்ட் சரியில்ல."

அவள் இறங்கி வந்து பார்த்தாள்.

"சரியில்லதான். முடுக்குங்க."

வயரைச் செருகி, கையிலிருந்த திருப்புளியால் திருகாணியை முடுக்கினான். மிச்சமிருந்த போர்டுகளையும் விடாமல் பார்த்து முடித்துவிட்டு மெயினைப் போட்டான். வீடு முழுக்க வெளிச்சம் வந்தது. வீட்டுக்காரம்மா பாலை எடுக்க ஓடினாள்.

செயலாளர் வாயைத் திறந்தார். சகாயமேரி முந்திக்கொண்டாள்.

"நீங்க கேக்கவே வேண்டாம். எங்க அண்ணன எந்த வீட்டுக்கும் தனியா விடலாம்." அவள் கண் கலங்கியிருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

செயலாளர் கொடுத்த அட்டையை இசக்கிமுத்து சட்டைப் பையில் வைத்தான், எடுத்துப் பார்த்தான், மறுபடி வைத்தான். உப்பளத்து ஆட்கள் யாராவது இப்போது எதிரில் வர மாட்டார்களா என்றிருந்தது. ஆனாலும் ஒரு சந்தேகம் அரித்தது. அவள் வண்டியில் பையை மாட்டும்போது பக்கத்தில் போய் நின்றான்.

"மேஸ்திரி, நெசமா சொல்லுங்க. அந்தத் திருகாணிய வேணும்னேதான முடுக்காம விட்டீங்க?"

சகாயமேரி சிரித்தாள்.

"ஆமான்னு சொன்னா, அடுத்த வீட்டுல என் போர்டைத் திறக்காம விட்டுருவீங்கண்ணே."