பாடத்துக்கு வராதவள்

"ஐயா, என் கைக்கு என்னமோ ஆயிடுச்சு" என்றாள் ஆவுடை.

குரு தாண்டவர் அரளிப்பூ பறித்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"இன்னிக்கும் உடைஞ்சிடுச்சா?"

"உடைஞ்சிடுச்சு."

அது மூன்றாவது கலயம்.

நெல்லிமலை மடத்தில் கஞ்சி குடிக்கும் மண்கலயத்தைத் தவிர யாருக்கும் சொந்தமென்று எதுவும் கிடையாது. மலையேறி வந்து சேரும் நாளில் குரு ஒரு புதுக் கலயம் கொடுப்பார். உபதேசம் தரும் நாளில் அதை வாங்கிக்கொண்டு, தான் குடிக்கும் கலயத்தைக் கொடுப்பார்.

கலயங்கள் அடிவாரத்திலிருந்து தலைச்சுமையாகத்தான் வரவேண்டும். அதனால் மடத்தில் ஒரு பழைய கட்டுப்பாடு இருந்தது. பிறர் கலயத்தை மூன்றாம் முறை உடைத்தவர் மலையிறங்கிவிட வேண்டும்.

ஆவுடைக்குக் கீழே வீடு இல்லை. இருந்த வீட்டைக் கொழுந்தன் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். தலை பாதி நரைத்திருந்தது. குரு அவளைவிட இளையவர். "அம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

மடத்துக் கலயங்கள் எல்லாவற்றையும் சுனைக்கரையில் வைத்துக் கழுவுவது அவள் வேலை. வந்த நாளிலிருந்து அவள்தான் கழுவுகிறாள். இந்த மழைக்காலம்வரை ஒரு கீறல் விழுந்ததில்லை.

"நான் யார்மேலயும் கோபப்பட்டதில்ல, ஐயா. பாத்திரத்தை டங்குன்னு வச்சதுகூட இல்ல."

"தெரியும். அதான் பயமா இருக்கு."

சிரிக்கிறாரா என்று பார்த்தாள். தெரியவில்லை.

உடைந்தது யாருடைய கலயம் என்று கேட்டார். கவனிக்கவில்லை என்றாள். ஓடுகளை எங்கே போட்டாய் என்று கேட்டார். போடவில்லை, சுனைக்குப் பின்னால் ஒரு கல்லுக்கு அடியில் இருக்கிறது என்றாள். ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"எடுத்துட்டு வாங்க."

முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தாள்.

யாருடையது என்று தெரிவதற்காக ஒவ்வொருவரும் தம் கலயத்தின் அடியில் ஒரு அடையாளம் கீறி வைத்திருப்பார்கள். ஆவுடை ஓடுகளைத் தரையில் பரப்பி, அடிப்பாகங்களைத் தேடி எடுத்துப் புரட்டினாள்.

ஒரு வேப்பிலை.

இன்னொன்றிலும் வேப்பிலை.

மூன்றாவதைப் புரட்டாமல் கையிலேயே வைத்திருந்தாள்.

வேப்பிலை நாச்சியாரின் அடையாளம். நாச்சியார் ஆவுடைக்கு வெகுகாலம் பின்னால் மலையேறியவள். போன தைப்பூசத்தன்று குரு அவளுக்கு உபதேசம் தந்தார். தன் கலயத்தையும் தந்தார். முதலில் உடைந்தது அந்தக் கலயம்தான்.

"நாச்சியார்மேல எனக்கு உசிரு, ஐயா" என்றாள் ஆவுடை. "வேணும்னா யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க."

யாரையும் கேட்கவேண்டியதில்லை. மடம் முழுக்க அறிந்த விஷயம். எல்லாருக்கும் ஒரு கரண்டி கஞ்சி ஊற்றினால் நாச்சியாருக்கு இரண்டு கரண்டி ஊற்றுவாள். எல்லார் கலயத்தையும் சாம்பல் போட்டு ஒருதரம் தேய்த்தால், நாச்சியாருடையதை இரண்டுதரம் தேய்ப்பாள்.

குரு உள்ளே போனார். நாச்சியாருக்கென்று ஒரு புதுக் கலயம் எடுத்துக்கொண்டு வந்தார். அதை ஆவுடையின் கையில் வைத்தார்.

"உடைங்க."

"ஐயா?"

"பக்கத்துல பாறை இருக்கு. ஒரே போடு."

ஆவுடை கலயத்தைத் தூக்கினாள். மெதுவாக இறக்கி, மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னால முடியாது."

"மூணு தரம் முடிஞ்சுதே."

"அது நான் இல்லயே, ஐயா."

"பின்ன யாரு?"

அவள் கலயத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

குரு பூக்கூடையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார். "மலையிறங்க வேண்டியது உடைச்சவதான். அவ யாருன்னு தெரியட்டும். இத்தனை வருஷமா உங்களுக்கு மட்டும்தான் பாடம் சொல்லிட்டிருக்கேன், அம்மா. அவளை ஒருநாள்கூட நீங்க கூட்டிட்டு வரலியே. போய்க் கூட்டிட்டு வாங்க."

ஆவுடை சுனைக்கரைக்குப் போனாள்.

யாரைத் தேடுவது? எங்கே தேடுவது? ஒன்றும் புரியாமல், கைக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். உட்கார்ந்து சாம்பலைத் தொட்டு, அந்தப் புதுக் கலயத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

ஒருதரம் தேய்த்தாகிவிட்டது. சுத்தமாகத்தான் இருந்தது. கை நிற்கவில்லை.

அப்போதுதான் தன் பற்கள் ஒன்றோடொன்று அழுந்தியிருப்பதைக் கவனித்தாள். தாடை வலித்தது. எப்போதிலிருந்து வலிக்கிறது?

தைப்பூசம் நினைவுக்கு வந்தது. குரு தன் கலயத்தை நாச்சியாரிடம் நீட்டியதும் பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாரையும்விட உரக்கக் குலவையிட்டவள் ஆவுடை. மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் நிறுத்தவில்லை. மறுநாள் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. நாச்சியார்மேல் எவ்வளவு பாசம் பார் என்று எல்லாரும் சொன்னார்கள். அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள்.

தேய்ப்பதை நிறுத்தினாள்.

கலயத்தைத் தரையில் வைத்தாள். கை எட்டாத தூரத்துக்கு அதைத் தள்ளி வைத்தாள்.

பிறகு அழுதாள். மடத்துக்கு வந்தபின் அவள் அழுவது அதுதான் முதல்முறை.

மதியக் கஞ்சிக்கு எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றாள். கலயம் இல்லாததால் நாச்சியார் வாதாம் இலையைத் தொன்னையாக மடித்துக்கொண்டிருந்தாள்.

"வந்தாளா?" என்று கேட்டார் குரு.

"வந்துட்டா."

"என்ன சொல்றா?"

ஆவுடை நாச்சியாரைப் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொள்ளலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாழ்த்தவில்லை.

"அந்தக் கலயம் எனக்கு வரவேண்டியதுன்னு சொல்றா. முன்னால வந்தவ நான், நேத்து வந்தவளுக்குக் குடுத்துட்டாரேன்னு சொல்றா." குருவின் பக்கம் திரும்பினாள். "உங்க மேலயும் கோபமாம், ஐயா. நாச்சியார் மேல இருக்கறதைவிட அதிகமாம்."

யாரும் கஞ்சியைத் தொடவில்லை.

நாச்சியார் தொன்னையைக் கீழே வைத்தாள். அவள் தோள்கள் தளர்ந்து இறங்கின, சுமையை இறக்கி வைத்தவள்போல.

"அப்பாடா" என்றாள். "அக்கா, இனிமே எனக்கும் ஒரு கரண்டி மட்டும் ஊத்துவீங்களா? அந்த ரெண்டாவது கரண்டி எனக்கு இறங்கவே மாட்டேங்குது. ஏன்னு தெரியாம பயந்து பயந்து குடிச்சிட்டிருந்தேன்."

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. ஆவுடைக்கும் சிரிப்பு வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். பிறகு கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"ஐயா, அவளை மலையிறங்கச் சொல்லுவீங்களா?"

"வந்த அன்னிக்கே யாரையாவது இறங்கச் சொல்லுவோமா?"

குரு எழுந்து உள்ளே போனார். இன்னொரு புதுக் கலயத்தோடு திரும்பினார். சூளை வாசம்கூட அதைவிட்டுப் போகவில்லை. அடியில் இன்னும் யாரும் எதுவும் கீறவில்லை.

அதை ஆவுடையிடம் நீட்டினார்.

"எனக்குத்தான் கலயம் இருக்கே, ஐயா."

"இது உங்களுக்கில்லை" என்றார் குரு.