செண்பகவல்லி வைத்துவிட்டுப் போன கோழிக்குழம்பு

மந்திக்குளத்தில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிப்பதில்லை, அவ்வளவுதான். அந்த ஊர் தனுஷ்கோடியோ அதில் மகா சிக்கனக்காரர்.

அவர் மனைவி செண்பகவல்லி தன் தம்பி வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது, அரைச் சட்டி நாட்டுக்கோழிக் குழம்பு மீந்துவிட்டது.

“போன தடவை கெட்டுப்போன சாம்பாரைத் தின்னுட்டு அண்ணன் தம்பி மூணு பேரும் ஆஸ்பத்திரியில கிடந்தீங்க. இந்தத் தடவையாச்சும் சொன்னதைச் செய்யுங்க. குழம்பு ஆறினதும் சின்னச் சின்னப் பாத்திரத்துல பிரிச்சு பிரிட்ஜுல வைங்க. கதவைத் திறந்தா குளிர் போயிரும், குளிர் போனா குழம்பு கெட்டுரும். திங்கும்போது தளதளன்னு கொதிக்க வச்சுத் தின்னுங்க.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயால் தனுஷ்கோடி ஒரு நல்ல வார்த்தை கேட்டதில்லை. இந்தக் குழம்பை வைத்தாவது அதை வாங்கிவிட வேண்டும் என்று மனசு கிடந்து தவித்தது. தம்பிகள் மலைச்சாமியையும் பூவலிங்கத்தையும் கூப்பிட்டார்.

ஆறிவிட்டதா என்று மலைச்சாமி விரலை விட்டுப் பார்த்தான்.

“சுடுதுண்ணே.”

“ஒரு விரல் சொல்றதை நம்பலாமாடா? மத்த விரலையும் கேளு.”

சுண்டுவிரல் முறை வந்தபோது குழம்பு ஆறியிருந்தது.

அடுத்து, சின்னப் பாத்திரம் என்றால் எவ்வளவு சின்னது என்ற பிரச்சினை.

“இதைவிடச் சின்னது ஒண்ணு இருந்தா, இது பெரிசுதானே?” என்றான் பூவலிங்கம்.

நியாயம்தான். கிண்ணத்திலிருந்து டம்ளருக்கும், டம்ளரிலிருந்து குங்குமச் சிமிழுக்கும் குழம்பு இடம் மாறியது. சிமிழ் போதாமல் தெருவெல்லாம் இரவல் வாங்கினார்கள். அன்றைக்கு அந்தத் தெருப் பெண்கள் பாதிப் பேர் பொட்டில்லாமல் திரிந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் மூவரும் சோற்றுத் தட்டோடு பிரிட்ஜ் முன்னால் உட்கார்ந்தார்கள்.

“திறந்தா கெட்டுரும்,” என்றார் தனுஷ்கோடி.

“திறக்காம எப்படிண்ணே கொதிக்க வைக்கிறது?” என்றான் மலைச்சாமி.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. பூவலிங்கம் மெதுவாகத் தொண்டையைச் செருமினான். “அண்ணி கொதிக்க வைக்கத்தானே சொன்னாங்க? வெளிய எடுக்கச் சொல்லலையே.”

தனுஷ்கோடிக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பி இவ்வளவு பெரிய ஆளாக வளர்ந்ததை அவர் கவனிக்கவே இல்லை.

ஒயரைப் பிடுங்கினார்கள். கதவு தப்பித்தவறித் திறந்துவிடாமல் பிரிட்ஜைத் தாம்புக்கயிற்றால் கட்டி, கொல்லையில் கல் கூட்டி, மேலே ஏற்றி விறகை மூட்டினார்கள். தளதளவென்று சத்தம் கேட்கிறதா என்று மலைச்சாமி காதை வைத்துப் பார்த்தான். காதும் வெந்தது.

செண்பகவல்லி திரும்பி வந்தபோது பிரிட்ஜ் உருகி, கரியேறி, புகைந்துகொண்டு நின்றது. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“கதவைத் திறக்கவே இல்லை தெரியுமா?” என்று பக்கத்தில் குந்தினார் தனுஷ்கோடி. அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை; அழுகைதான் வந்தது.

“பிரிட்ஜு போச்சே...”

“அதைக் கெட்டுப்போக விடுவோமா? பக்கத்து வீட்டு பிரிட்ஜுல இடம் சொல்லிட்டேன். ஆறினதும் சின்னச் சின்னதாப் பிரிச்சு வச்சிடலாம். பூவலிங்கம் கோடாலி எடுக்கத்தான் போயிருக்கான்.”