ஒன்பதாம் நாள் மீன்குஞ்சு

தங்கப்பழம் வாத்தியார் முனைவர் பட்டம் வாங்க ஆறு வருடம் ஆனது. ஐந்தில் முடிந்திருக்க வேண்டிய காரியம். அந்த ஆறாவது வருடம் எதற்கு என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் குடைந்து குடைந்து கேட்டார்கள். மனுஷன் வாயையே திறக்கவில்லை.

இன்றைக்கும் மருந்துக்கடையில் கிளிசரின் பாட்டிலைப் பார்த்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார். தூத்துக்குடிக் கடலோரம் அவர் ஆய்வு செய்த பழைய கூடம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் மீன் கெடாமல் ஊறவைக்கும் ஃபார்மலின் நெடி. முதல் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைந்தவர் அவர். பின்னாளில் அந்த நெடிக்காக மனசு ஏங்கும் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார். இப்போது அந்தக் கட்டடமே இல்லை.

அங்கே போய்ச் சேர்ந்தபோது அவருக்கு வயது ஐம்பத்தொன்று. வழிகாட்டியான பேராசிரியை லூர்தம்மாள் அவரைவிட நான்கு வயது இளையவர். யார் யாரை எப்படிக் கூப்பிடுவது என்று முதல் நாள் இருவருக்கும் சங்கடம். அவர் ‘மேடம்’ என்றார், அந்த அம்மா ‘அண்ணாச்சி’ என்றார். அதோடு தீர்ந்தது.

கொடுவா மீன்குஞ்சுக்கு எலும்பு எத்தனையாவது நாளில் உண்டாகிறது என்று பார்ப்பதுதான் வேலை. குஞ்சு ஓர் அரிசி நீளம்கூட இருக்காது. நீலச் சாயத்தில் ஊறவைத்தால் குருத்தெலும்பு நீலமாகும். பிறகு ஒரு நொதியைப் போட்டுச் சதையைக் கண்ணாடிபோல் தெளியவைத்து, சிவப்புச் சாயத்தில் விட்டால் எலும்பு சிவக்கும். கடைசியாகக் கிளிசரினில் போட்டுப் பார்த்தால் மீனைக் காணோம், அதன் எலும்புக்கூடு மட்டும் நீலமும் சிவப்புமாக மிதக்கும். முதல் குஞ்சு அப்படித் தெளிந்த அன்று தங்கப்பழம் மதியச் சாப்பாட்டையே மறந்துபோனார்.

லூர்தம்மாளும் இதே மீனில்தான் பட்டம் வாங்கியவர். பன்னிரண்டாம் நாளுக்கு முன் கொடுவாக் குஞ்சுக்கு எலும்பு கிடையாது என்று இருபத்திரண்டு வருடத்துக்கு முன்பு அவர் எழுதிய கட்டுரையைத்தான், அந்தத் துறையில் யார் எழுதினாலும் எடுத்துக் காட்டினார்கள்.

ஐந்தாம் வருடம், தங்கப்பழத்தின் ஒன்பதாம் நாள் குஞ்சில் தோள்பக்கம் ஒரு சிவப்புக் கீற்று தெரிந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். இன்னும் இருபது குஞ்சுகளுக்குச் சாயம் போட்டார். அத்தனையிலும் அதே கீற்று.

சந்தோஷப்பட வேண்டியவர், மேடத்தின் பன்னிரண்டாம் நாளை நினைத்துக் குறிப்பேட்டை மூடிவைத்தார். ஜனவரியில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், அதில் லூர்தம்மாள் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துகூடப் பெரிதில்லை. மனைவி படுக்கையில் கிடந்த வருடம், வாரநாளில் வரமுடியாமல் அவர் திண்டாடியபோது, ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பூசை முடிந்த கையோடு வந்து அவருக்காகக் கூடத்தைத் திறந்துவிட்டவர் அந்த அம்மா. அப்படிப்பட்டவர் பேரை நம் கையால் கெடுப்பதா என்று மனசு அடித்துக்கொண்டது.

ஒரு நாள் டீ குடிக்கும்போது, சும்மா பொதுவாகக் கேட்பதுபோலக் கேட்டுவைத்தார்.

“மேடம், குரு ஒண்ணு சொல்லியிருக்காங்க. சிஷ்யன் கண்ணுக்கு வேற மாதிரி தெரியுது. அவன் என்ன செய்யணும்?”

லூர்தம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய்விட்டார். மறுநாள் காலையில் அலமாரியின் அடித்தட்டைக் குடைந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்துவந்தார். உள்ளே நாலைந்து குஞ்சுகள். பாட்டில் மேலிருந்த சீட்டைக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார்.

“இதுக்குச் சாயம் போடுங்க, அண்ணாச்சி. என்ன தெரியுதோ அதை எழுதுங்க. அப்புறம் பேசுவோம்.”

சாயம் ஏறித் தெளியப் பத்து நாள் பிடிக்கும். அந்தப் பத்து நாளும் தங்கப்பழத்துக்குச் சோறு இறங்கவில்லை. பதில் சொல்லாமல் போனதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டார். நம் கையில்தான் எங்கோ பிசகு என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிப் பார்த்தார்.

ஆறாம் நாள் பிற்பகல், கூடத்தில் யாரும் இல்லை. ஒன்பது, பத்து, பதினோராம் நாள் குஞ்சுகள் இருந்த பாட்டில்களை எடுத்தார். சாயம் போட்டது, போடாதது எல்லாவற்றையும் தொட்டியில் கொட்டிக் குழாயைத் திறந்துவிட்டார். குறிப்பேட்டில் அந்த மூன்று பக்கங்களையும் கிழித்தார். குஞ்சு பொரிக்கும் பண்ணையில் இனி அடுத்த வருடம்தான் முட்டை கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார். பாரம் இறங்கியதுபோல இருந்தது.

பத்தாம் நாள் மேடம் கொடுத்த குஞ்சு தெளிந்தது. நீலம் அழகாக ஏறியிருந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. அவருக்கு உயிர் வந்தது. ‘எலும்பு இல்லை. பன்னிரண்டு நாளுக்கு உட்பட்ட குஞ்சு’ என்று கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டு போய் நீட்டினார்.

லூர்தம்மாள் நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார். பிறகு பாட்டிலில் ஒட்டியிருந்த காகிதத்தை நகத்தால் உரித்தார். கீழே அவருடைய இளவயதுக் கையெழுத்து. கொடுவா, பன்னிரண்டாம் நாள். தேதி இருபத்திரண்டு வருடத்துக்கு முந்தையது.

அந்த அம்மா நிதானமாகச் சொன்னார். கட்டுரையில் படமாக வந்த குஞ்சும் இதுவும் ஒரே நாளில் பொரித்தவை. அதற்கு அந்த வாரமே சாயம் போட்டதால் தோள் எலும்பு சிவந்தது. இது பாட்டிலிலேயே கிடந்தது. ஒரு நீல லிட்மஸ் தாளை அந்தப் பாட்டிலில் நனைத்துக் காட்டினார். தாள் சிவந்தது. ஃபார்மலின் நாள்பட்டால் புளித்து ஆசிடாகும், புளித்தால் எலும்பில் உள்ள சுண்ணாம்பைத் தின்றுவிடும். அதைத் தடுக்கத்தான் பாட்டிலுக்கு ஒரு பளிங்குச் சில்லு போட்டுவைப்பார்கள். இதில் சில்லு இல்லை.

“பெரிய குஞ்சுக்கு மொதல்ல சாயம் போட்டுட்டேன். சின்னதையெல்லாம் பாட்டில்ல போட்டுட்டு, மூத்தவன் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு, மணப்பாடு போயிட்டேன். எட்டு மாசம். எப்படா இங்க வருவோம்னு கெடந்தேன். வந்ததும் ஓடிவந்து அதுகளுக்குச் சாயம் போட்டேன். செவப்பே இல்ல. எலும்பு இல்லன்னு எழுதிட்டேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. “வயித்தத் தூக்கிட்டு நின்ன நேரம், ஒரு பாட்டில்லயும் கல்லு போடல பாருங்க.”

டீ குடிக்கும்போது தங்கப்பழம் கேட்ட கேள்வியிலேயே பாதி விளங்கிவிட்டது என்றார். மீதியைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பாட்டிலை எடுத்தாராம். நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு, பரீட்சை முடிவு பார்க்க வந்த பெண்ணைப்போல உட்கார்ந்தார்.

“உங்களுக்கு எத்தனாம் நாள்ல தெரிஞ்சுது?”

“ஒன்பது, மேடம்.”

“ஒன்பதா. கொண்டாங்க, பார்ப்போம்.”

தங்கப்பழம் தொட்டிப் பக்கம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“கொட்டிட்டேன், மேடம். எல்லாத்தையும். உங்க பேருக்கு ஒண்ணும் வந்துரக் கூடாதுன்னு.”

லூர்தம்மாள் பாட்டிலின் மூடியை எடுத்து மெதுவாகத் திருகி மூடினார்.

“என் குஞ்சோட எலும்பை ஆசிட் தின்னுச்சு, அண்ணாச்சி. உங்க குஞ்சோடதை மரியாதை தின்னுருச்சு.”