பூனை எதையும் முகர்ந்து பார்ப்பது ஏன்

அந்தக் காலத்தில் ஆடு மாடுகளுக்கும் நாய் பூனைகளுக்கும் மனிதர்களுக்கும் பேச்சு ஒன்றாகத்தான் இருந்தது. மாட்டுக்குத் தாகம் எடுத்தால் அது வாய்விட்டுத் தண்ணீர் கேட்கும். கோழி அடைக்கு உட்காரும் முன் எந்த மூலை தோதுப்படும் என்று வீட்டுக்காரியோடு விவாதம் பண்ணும். அப்போது மலையடிவாரத்து ஊர் ஒன்றில் பாவாத்தா என்று ஒருத்தி இருந்தாள். அவள் புருஷன் செங்கோடன் செம்மறிகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் தேடிப் போனானென்றால் மழை இறங்கும் வரைக்கும் திரும்ப மாட்டான். அதுவரை அவளுக்குத் துணை செவலை என்கிற நாயும் சாம்பி என்கிற பூனையும்தான்.

செவலை அதிகம் பேசாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான். சாம்பிக்கு வாய் ஓயாது. கம்பு மூட்டைக்குள் எலி புகுந்த கதை, பக்கத்து வீட்டுச் சேவல் வீம்பாக நடந்து சேற்றில் வழுக்கிய கதை என்று பாவாத்தா அடுப்பூதும்போதெல்லாம் காலைச் சுற்றிக்கொண்டே சொல்லும். பிள்ளை இல்லாத அந்த வீட்டில் பேச்சுக் குரல் கேட்டதென்றால் அது சாம்பியால்தான். பாவாத்தாவை அது அம்மா என்றே கூப்பிட்டது.

அந்தக் கோடையில் சாம்பி இரண்டு குட்டிகள் போட்டது. குட்டிகளோடு கூடவே தெள்ளுப்பூச்சியும் வந்தது. முதலில் சாம்பியின் கழுத்தில் ஒன்றிரண்டு துள்ளின. பிறகு சாக்கு, பாய், மூலைமுடுக்கு எல்லாம் தெள்ளாகிவிட்டது. பாவாத்தாவின் கணுக்கால் முழுவதும் தடித்துப் போனது. சாம்பி கதை சொல்வதை விட்டுவிட்டு நாளெல்லாம் பின்னங்காலால் சொறிந்துகொண்டே இருந்தது.

"என் ரத்தம் போனாப் போகுதும்மா," என்றது ஒருநாள். "குட்டிக வாய் ஈறைப் பாருங்க. வெளுத்துப்போய்க் கிடக்கு. ஏதாச்சும் மருந்து கேட்டு வாங்கிட்டு வாங்கம்மா."

பாவாத்தா அப்போதே கிளம்பினாள். பக்கத்து ஊரில் நாச்சிமுத்து என்று ஒரு மாட்டு வைத்தியன் இருந்தான். போன வருஷம் செவலைக்கு உண்ணி பிடித்தபோது ஒரு கலயம் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவன் அவன்தான். அதைப் பூசியதும் உண்ணியெல்லாம் காய்ந்து உதிர்ந்தது.

"அந்த எண்ணெய் இன்னும் பாதிக்கு மேல இருக்குதுங்கண்ணா," என்றாள் பாவாத்தா. "அதையே பூசட்டுங்களா?"

நாச்சிமுத்து ஒரு கன்றுக்குட்டியின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். "அந்தத் தப்பைப் பண்ணிராத அம்மணி. நாய்க்கு வேற, பூனைக்கு வேற. பூனை உடம்புல எதைப் பூசினாலும் அது நக்கி உள்ள இழுத்துக்கும். மேல பூசற மருந்துன்னு நாம நெனைப்போம், பூனைக்கு அது குடிக்கிற மருந்து. செவலை தாங்கினதை உன் பூனை தாங்காது."

பூனை எந்த அளவு இருக்கும், பால் கொடுக்கிறதா, குட்டி கண் திறந்து எத்தனை நாளாயிற்று என்றெல்லாம் கேட்டான். தாய்க்கு மட்டும் மருந்து, அதுவும் நாக்கு எட்டாத பிடரியில் ஒரு சொட்டு என்றான். குட்டிகளுக்கு மருந்தே கூடாது, பேன்சீப்பால் வாரித் தண்ணீரில் போட்டால் போதும் என்றான். "தெள்ளு பாதி பூனை மேல, பாதி உன் வீட்டுல. சாக்கு, பாயெல்லாம் வெந்நீர்ல அலசி வெயில்ல போடு. இலை மலை மேல இருக்குது. பறிச்சுக் காயவெச்சு அரைக்கணும். அமாவாசை கழியட்டும், நானே கொண்டாந்து தர்றேன்."

பாவாத்தா வீட்டுக்கு வந்து சாக்கையெல்லாம் அலசிப் போட்டாள். குட்டிகளை மடியில் வைத்துச் சீப்பால் வாரினாள். சீப்பின் பல்லில் தெள்ளு வர வர, சாம்பி பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தக் காதுக்குப் பின்னாலம்மா, அங்க பாருங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தது. குட்டிகள் கொஞ்சம் தெளிந்தன. இப்படியே விட்டிருந்தால் அமாவாசை வந்திருக்கும், மருந்தும் வந்திருக்கும்.

ஆனால் ஒரு காலை நேரத்தில் காகம் ஒன்று கூரைமேல் வந்து உட்கார்ந்தது. "பாவாத்தா! உன் தங்கச்சி மாரக்கா கைப்பிள்ளையோட புறப்பட்டுட்டா. பொழுது சாயறதுக்குள்ள வந்துருவா," என்று சொல்லிவிட்டுப் பறந்தது.

பாவாத்தாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கை வாழ்க்கைப்பட்டது பெரிய இடம். பிள்ளை பெற்று முதல்முதலாக அக்கா வீட்டுக்கு வருகிறாள். தரையைப் பார்த்தாள். மெழுகிய தரையில் தெள்ளு துள்ளியது. பச்சைப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பது? உடம்பெல்லாம் தடிப்போடு அந்தப் பிள்ளை திரும்பிப் போனால், தங்கையின் மாமியார் என்ன பேசுவாள்? தெள்ளு வீட்டுக்காரி என்று பெயராகிவிடாதா? இந்த நினைப்பிலேயே அவள் கை உறிக்குப் போய், நாய் எண்ணெய்க் கலயத்தை இறக்கிவிட்டது.

நாச்சிமுத்து சொன்னது அவளுக்கு மறந்துபோகவில்லை. கொஞ்சமாகப் பூசினால் என்ன ஆகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

வாசலில் படுத்திருந்த செவலை மூக்கை உயர்த்தியது. "அம்மா, அது என்னோடதாச்சே," என்றது.

பாவாத்தா அதை முறைத்துப் பார்த்து, உதட்டின்மேல் விரலை வைத்தாள். எஜமானி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத நாய், தலையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டது.

சாம்பி குதித்து வந்தது. "மருந்து வந்துருச்சாம்மா? வைத்தியர் எனக்குன்னு குடுத்ததுதானே?"

அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும்.

"ஆமா கண்ணு. உனக்குன்னே குடுத்ததுதான்," என்றாள் பாவாத்தா.

சாம்பி மறுபேச்சுப் பேசவில்லை. மடியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. பாவாத்தா கழுத்திலிருந்து வால் வரைக்கும், வயிற்றிலும்கூட, உள்ளங்கையால் எண்ணெயைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் தெள்ளு சுருண்டு விழுந்தது. "இப்பத்தாம்மா நிம்மதியா இருக்குது," என்றது சாம்பி. இறங்கிப் போய்த் தன் மேனியை நக்கிச் சுத்தம் பண்ணிக்கொண்டது. குட்டிகளில் ஒன்று தூக்கக் கலக்கத்தில் தவழ்ந்து வந்து தாயின் வயிற்றில் வாய் வைத்தது. மற்றது கம்பு மூட்டை இடுக்கில் தூங்கிக்கொண்டிருந்ததால் வரவில்லை.

பாவாத்தா வீட்டைப் பெருக்கி முடிப்பதற்குள் சாம்பியின் வாயில் நுரை தள்ளியது. கால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. எழுந்து நிற்கப் பார்த்தது, முடியவில்லை. "அம்மா, உடம்பு நடுங்குது. குட்டியப் பாருங்கம்மா," என்றது, அதற்குமேல் நாக்குப் புரளவில்லை.

"ஐயோ, நானே கெடுத்தேனே!" என்று பாவாத்தா அலறினாள். "செவலை, ஓடு! நாச்சிமுத்தண்ணனைக் கூட்டிட்டு வா!"

செவலை ஓடிய ஓட்டத்தில் புழுதி வெகுநேரம் அடங்கவில்லை. நாச்சிமுத்து வந்தவுடனே கலயத்தைப் பார்த்தான், அவள் முகத்தைப் பார்த்தான். திட்டுவதற்கு நேரமில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் தலைக்குத் தேய்க்கும் அரப்புப் பொடியைக் கரைத்து, எண்ணெய் போகும்வரை இரண்டு பேரும் சாம்பியைக் கழுவினார்கள். பிறகு துவட்டி, செங்கோடனின் பழைய கம்பளியில் சுற்றி, பாவாத்தா மார்போடு அணைத்துக்கொண்டாள். பால் குடித்த குட்டியையும் கழுவினார்கள். அது மிகவும் சின்னது. நாச்சிமுத்துவின் கையிலேயே அது அடங்கிப்போனது.

அந்தக் குட்டியை முருங்கை மரத்தடியில் பாவாத்தா மண்ணைத் தோண்டிப் புதைத்துக்கொண்டிருக்கும்போது மாரக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். நடந்ததைக் கேட்டாள்.

"தெள்ளுக்காகவா அக்கா இப்படிப் பண்ணுனே?" என்றாள். "எங்க வீட்டுலயுந்தான் தெள்ளு இருக்குது. பிள்ளைய நான் தூளியிலதான் போடுறேன். நான் வந்ததும் சொல்லியிருந்தா ஏதாச்சும் நெனச்சிருப்பேனா?"

பாவாத்தா மண்வெட்டியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

சாம்பி பிழைத்தது. நடுக்கம் நின்று, தலை நிமிர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்தது. மிஞ்சிய குட்டியை முகர்ந்து, அதைக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டது. இன்னொன்று எங்கே என்று அது கேட்கவில்லை. பாவாத்தாவின் கைநகத்தில் ஒட்டியிருந்த மண்ணை வெகுநேரம் பார்த்தது.

"என்னை மன்னிச்சிரு கண்ணு," என்று பாவாத்தா தழுதழுத்தாள்.

"நான் கேட்டேம்மா," என்றது சாம்பி. "நீங்க ஆமான்னு சொன்னீங்க."

மனிதரோடு அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். பாவாத்தா எத்தனையோ விதமாகக் கெஞ்சினாள். மீனை ஆய்ந்து வைத்தாள், எலிக் கதையைத் தானே சொல்லிப் பார்த்தாள். சாம்பி கோபமாக இல்லை, வீட்டை விட்டும் போகவில்லை. அடுப்படியில் பழைய இடத்திலேயே படுத்திருந்தது. பேச்சு மட்டும் இல்லை. வீட்டுக்குள் குரல் இல்லாமல் போனது பாவாத்தாவை உள்ளுக்குள் அரித்துத் தின்றது.

அமாவாசை கழிந்து நாச்சிமுத்து பச்சை மருந்தை ஒரு சிரட்டையில் கொண்டுவந்து கொடுத்தான். பாவாத்தா அதை வைத்துக்கொண்டு சாம்பிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள். இது உனக்கான மருந்துதான் என்று சொல்ல வாயெடுத்தவள், சொல்லாமல் நிறுத்திக்கொண்டாள். அந்தச் சொல்லுக்கு இனி மதிப்பில்லை என்று அவளுக்கே தெரிந்திருந்தது. சிரட்டையை வெறுமனே நீட்டினாள்.

சாம்பி எழுந்து வந்தது. சிரட்டையை முகர்ந்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது. மறுபடியும் சிரட்டையை முகர்ந்தது. நீட்டிய கை கடுத்துப் போனாலும் பாவாத்தா அசையவில்லை. கடைசியில் சாம்பி திரும்பி உட்கார்ந்து, பிடரியைக் காட்டியது. அவள் ஒரு சொட்டு வைத்தாள். தெள்ளு போயிற்று.

அதற்குப் பிறகு பால் வைத்தாலும் சோறு வைத்தாலும் சாம்பி அப்படியே செய்தது. வளர்ந்த குட்டி தாயைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அதன் குட்டிகள் அதனிடம் கற்றுக்கொண்டன. ஊர் ஊராகப் பூனைகளுக்குள் அந்த வழக்கம் பரவியது. பாவாத்தா சாகும்வரைக்கும், முகர்ந்து முடியட்டும் என்று கையை நீட்டியபடியே காத்திருந்தாள்.

அன்று முதல்தான், தொட்டு வளர்த்த கையே நீட்டினாலும், பூனை மனிதரின் வாய்ச்சொல்லை நம்பாமல், முதலில் தன் மூக்கைக் கேட்டுக்கொள்கிறது.